சத்தத்துக்குப் பயந்தவளோடு திருகோணமலைக்குப் போன கதை

1

போன மாதம் எங்கள் தபால்பெட்டிக்குள் ஒரு படிவம் கிடந்தது. நோர்வேயில் படிவம் வருவதும் பேர்கன் நகரத்தில் மழை பெய்வதும் ஒன்றுதான். யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் இது வரிப் படிவம் இல்லை. சத்தம், வெளிச்சம், மணம், நெரிசல் இவற்றைத் தாங்கமுடியாத ஆட்களும் அவர்களுடைய குடும்பங்களும் நகரத்தை நிம்மதியாகச் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி தயாரிக்கிறார்களாம். எந்தத் தெரு எந்த நேரத்தில் அமைதியாக இருக்கும், எந்த நூதனசாலையில் ஒதுங்கியிருக்க ஓர் அறை உண்டு, எந்தக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் இல்லை என்பதெல்லாம் அதில் வருமாம். அப்படியான பிள்ளையை வளர்த்த தாய் என்று எப்படியோ என் பெயரைப் பிடித்துக் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள்.

கடைசிக் கேள்வி இது: ‘உங்கள் பிள்ளையோடு நீங்கள் போன ஊர்களில் எது ஆகச் சுலபமாக இருந்தது? ஏன்?’

நான் ‘திருகோணமலை, இலங்கை’ என்று எழுதினேன். ‘ஏன்’ என்பதற்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். மூன்று வரிக்குள் அடக்கத் தெரியாமல் வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் அந்த அலுவலகத்திலிருந்து ரெலிபோன் வந்தது. இளம் பெண்ணின் குரல், மிகவும் மரியாதையானது.

“நீங்கள் எழுதிய ஊரைத் தேடிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அங்கே யுத்தம் அல்லவா?”

“யுத்தம்தான். ஆனால் நாங்கள் போனது சமாதான காலத்தில்.”

“அப்படியென்றால் யுத்தம் முடிந்திருந்ததா?”

“முடியவில்லை. நிறுத்தி வைத்திருந்தார்கள்.”

கொஞ்ச நேரம் விசைப்பலகையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள், “மன்னிக்க வேண்டும், இந்தப் பதிலை எந்தப் பிரிவில் போடுவது என்று தெரியவில்லை” என்றாள்.

“‘மற்றவை’ என்று ஒன்று இருக்குமே, அதில் போடுங்கள். பேர்கனுக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் அதில்தான் இருக்கிறோம்” என்றேன். சிரிப்பதா வேண்டாமா என்று அவள் யோசித்தது எனக்குக் கேட்டது.

என்னுடைய நோர்வேஜிய மொழி முன்பு மீன் தொழிற்சாலைக்குப் போதுமாக இருந்தது. இப்போது முதியோர் இல்லத்தின் குசினிக்குப் போதும். அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லப் போதாது. ஊரில் இருக்கும் உங்களுக்கென்றால் சொல்லலாம்.

2

என் மகள் ஆரணி பேர்கனில் பிறந்தவள். மூன்று வயதுவரை ‘அம்மா’ என்று சொல்லவில்லை. ஆனால் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் சுற்றுவதை இரண்டு மணித்தியாலம் கண்வெட்டாமல் பார்ப்பாள். அம்புலன்ஸ் போனால் தலையைச் சுவரில் இடிப்பாள். மல்லிகைப்பூ மணத்துக்கு ஓங்காளிப்பாள். முன்பின் தெரியாதவர் தோளில் கை வைத்தால் நெருப்புப் பட்டதுபோல் அலறுவாள். கடுகு வெடிக்கிற சத்தம் ஆகாது என்பதால் எங்கள் வீட்டில் வருடக்கணக்காகத் தாளிதம் இல்லை. தாளிக்காத பருப்பை என் கணவர் முறைப்பாடு இல்லாமல் சாப்பிட்டார்; ஆனால் கோப்பையை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

அவளைப் பாலர் பாடசாலையில் சேர்த்தபோது ஆசிரியைகளிடம் பிள்ளையைப் பற்றி நானே விளக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல்நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். நோர்வேஜிய மொழியில் சத்தத்துக்கு ‘ஸ்தொய்’ என்றும் தூசிக்கு ‘ஸ்தோவ்’ என்றும் சொல்வார்கள். நான் போய், கண் கலங்கியபடி, என் மகளால் தூசியைத் தாங்க முடியாது, தூசி வந்தால் அவள் காதைப் பொத்திக்கொண்டு அழுவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர்கள் நல்ல ஆட்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லா விரிப்புகளையும் சுருட்டி எடுத்தார்கள், திரைச்சீலைகளைக் கழற்றினார்கள், பஞ்சுப் பொம்மைகளை அலுமாரிக்குள் பூட்டினார்கள். வெறும் பலகைத் தரையில் இருபது பிள்ளைகள் சப்பாத்தோடு ஓடினால் எப்படி எதிரொலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆரணி வாசலிலேயே படுத்துவிட்டாள். “இன்னும் தூசி இருக்கிறதோ?” என்று தலைமை ஆசிரியை கவலையோடு ஈரத்துணியைத் தேடியபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு வைத்தியர்கள், பரிசோதனைகள், நீளமான ஒரு பெயர். தெரு திருத்துகிறவர்கள் போடுவது போன்ற பெரிய சிவப்புக் காதடைப்பான் ஒன்றும் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டால் ஆரணியால் பஸ்ஸில் ஏற முடிந்தது. எங்கள் வாழ்க்கை அந்தச் சிவப்பு வளையத்துக்குள் சுருங்கி, ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் என் சரோ அக்காவின் கடிதம் வந்தது. அவளுடைய ஒரே மகள் மதிக்கு ஆவணியில் கலியாணம். ‘பதினாலு வருஷமாய் உன்ர முகம் பாக்கேல்லை. இந்தமுறை வராட்டில் நான் கதைக்க மாட்டன்’ என்று எழுதியிருந்தாள். அக்கா கதைக்காமல் இருப்பது எவராலும் நினைத்துப் பார்க்க ஏலாத விஷயம். அதனால் பயந்துபோனேன்.

3

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் ஒன்பது வயது ஆரணியும் போவதென்று முடிவாயிற்று. புதிய இடத்துக்குப் போவதற்கு முன் அங்கே நடக்கப்போவதைப் படமாகக் காட்டிவிட்டால் ஆரணிக்குப் பயம் குறையும். அதற்காக அவளுடைய ஆசிரியை ஒரு கொப்பியில் படம் வரைந்து தந்தாள். விமானம், வேன், பெரியம்மாவின் வீடு, கடல்.

“வேறு என்ன வரையவேண்டும்?” என்று கேட்டாள்.

“துவக்கோடு ஒரு ஆமிக்காரன்” என்றேன். ஆசிரியை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு வரைந்தாள். அந்த ஆமிக்காரனுக்கு வாய் காதுவரை சிரிப்பு. துவக்கின் முனையில் ஒரு பூ. பூவை அழிக்கச் சொன்னேன். ஆரணி படத்தில் உள்ளதை நேரில் தேடுவாள், இல்லையென்றால் விடமாட்டாள்.

கொழும்பிலிருந்து வேனில் போனோம். கந்தளாய் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். என் நோர்வே கடவுச்சீட்டைப் புரட்டிய சிப்பாய், பிறந்த இடம் திருகோணமலை என்று இருப்பதைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு ஆரணியின் தலையிலிருந்த சிவப்புச் சாமானைக் காட்டி, “இது என்ன? ரேடியோவா?” என்று அரைத் தமிழில் கேட்டான்.

“ரேடியோ இல்லை. சத்தம் கேளாமல் போடுறது.”

அவனுக்கு விளங்கவில்லை. கழற்றித் தரச்சொன்னான். நான் ஆரணிக்குக் கொப்பியில் ஆமிக்காரன் படத்தைக் காட்டி, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என் இரு கைகளாலும் அவள் காதுகளைப் பொத்திக்கொண்டேன். அவன் தட்டிப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், வயர் தேடினான். கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தானே போட்டுக்கொண்டான்.

அவன் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பின்னால் லொறிகள் உறுமிக்கொண்டிருந்தன, யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மட்டும் எல்லாம் நின்றுவிட்டது. மெல்லச் சிரிப்பு வந்தது. படத்தில் இருந்த அதே சிரிப்பு. கூட்டாளியைக் கூப்பிட்டு அவன் தலையில் மாட்டினான். அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான். அப்படியே ஐந்து பேர் முறை வைத்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பித்தர மனமில்லாமல் நின்றான். கடைசியில் சாவடியின் பதிவுக் கொப்பியில் பதிந்துவிட்டுத் தந்தார்கள். பதிவு ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால், ‘வேலை செய்யாத ஹெட்போன், ஒன்று.’

4

அக்காவின் வீடு உட்துறைமுகத்துக்குப் போகிற பாதையிலிருந்து பிரியும் ஒழுங்கையில் இருந்தது. வேன் நின்றதும் அக்கா கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் பாய்ந்து ஆரணிக்கு முன்னால் நின்று, “அக்கா, அவளைத் தொடாதை!” என்று கத்தினேன். பதினாலு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அக்காவின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு அப்படியே என்னைக் கட்டிக்கொண்டாள். “சரி, அவளுக்குரியதையும் சேர்த்து நீ வாங்கிக்கொள்ளு” என்றாள்.

ஆரணி குசினி மூலையில் கிடந்த கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்ட பிறகு நான் அக்காவுக்கு விளக்கத் தொடங்கினேன். ஊருக்கு வந்தால் ‘பிள்ளைக்கு என்ன வருத்தம்’, ‘என்ன நேர்த்தி வைத்தாய்’, ‘நீ வேலைக்குப் போனதால்தான்’ என்றெல்லாம் கேட்பார்கள் என்று விமானத்திலேயே பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். வைத்தியர் சொன்ன நீளப் பெயரையும் தமிழில் பெயர்த்துச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டே மரக்கறி வெட்டினாள். “சுருக்கமாய்ச் சொல்லு. என்ன செய்யும் பிள்ளைக்கு?”

“சடாரெண்டு சத்தம் கேட்டால் பயப்பிடுவாள். கதவு அடிச்சாலும் கட்டிலுக்குக் கீழ போயிடுவாள்.”

“அதுதானோ?” அக்கா கத்தியை வைத்தாள். “உதுக்குப் போய் வெள்ளைக்கார டொக்டர் ஏன்? இந்த ஒழுங்கையில கதவு அடிச்சால் கட்டிலுக்குக் கீழ போகாத ஆள் ஆர்? பக்கத்து வீட்டு வாத்தியார் தேங்காய் விழுந்தாலும் குப்புறப் படுப்பார். உன்ர அத்தான் முப்பது வருஷம் கணக்கெழுதின மனிசன், இப்ப சுவரில முதுகு முட்டாமல் ஒரு கதிரையிலயும் இருக்கமாட்டார்.”

அக்கா எழும்பிப்போய் அலுமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். நான் எட்டு வருடத்துக்கு முன் அனுப்பிய பிரஷர் குக்கர் பெட்டி அங்கே பிரிக்காமல் இருந்தது.

“இது விசில் அடிக்குமாமெல்லோ? ஷெல் மாதிரி, வரமுதல் கூவிக்கொண்டு வாற சாமான் ஒண்டும் எங்களுக்கு வேண்டாம் எண்டு எடுத்து வைச்சிட்டன். நீ கோவிக்காதை.”

குக்கர் விசில் அடிக்காத வீடு. சத்தமாக வானொலி போடாத அயல். பாதுகாப்புக் காரணம் என்று வெடி கொளுத்தத் தடை, ஒலிபெருக்கி கட்ட அனுமதி வேண்டும், பாதித் தெருக்களுக்குள் வாகனம் விடமாட்டார்கள், எந்த வரிசையிலும் ஆளை ஆள் இடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். பேர்கனில் பாடசாலையும் வைத்தியர்களுமாக மூன்று குழு கூடியும் கொண்டுவர முடியாததை இங்கே யுத்தம் கொண்டுவந்து வைத்திருந்தது. அதற்காக யுத்தத்துக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வராது. அந்த அமைதியை என்ன கொடுத்து வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று பின்னேரம் ஆரணி தானாகவே கட்டிலுக்குக் கீழிருந்து வெளியே வந்தாள். வேறொருவர் வீட்டில் அவள் அப்படி வந்தது அதுதான் முதல்தடவை.

5

கலியாண அலுவல்களுக்கு அக்கா ஒரு ஓட்டோ பிடித்திருந்தாள். ஓட்டுகிறவர் கிண்ணியாவைச் சேர்ந்த நசீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். முதல்நாள் வந்து வாசலில் ஹோன் அடித்தார். ஆரணி போட்ட கூச்சலில் வாத்தியார் வீட்டுக் கோழிகள் மதிலேறின.

நானா ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மனம் நொந்துபோனார் என்று நினைத்தேன். அடுத்தநாள் காலை பார்த்தால், ஒழுங்கை முனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு வருகிறார்.

“ஹோனைக் கழட்டிட்டன் தங்கச்சி. கடகடக்கிற இடமெல்லாம் பழைய டியூப் வெட்டி வெச்சிரிக்கன்.”

“ஐயோ, ஹோன் இல்லாமல் றோட்டில எப்பிடி நானா?”

“புள்ளைக்கு மணி வெச்சிரிக்கன், பாருங்க.” பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் மணி பூட்டியிருந்தது.

ஆரணி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒருதரம் அடித்தாள். பயப்படவில்லை. இன்னொருதரம் அடித்தாள். பிறகு அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த மணியோடு நாங்கள் திருகோணமலைத் தெருக்களில் போனோம். ஆட்கள் சைக்கிள் என்று நினைத்து ஒதுங்கிவிட்டு ஓட்டோவைக் கண்டு திகைத்தார்கள். மாடுகள் மட்டும் ஒதுங்கவில்லை. அவை ஹோனுக்கும் ஒதுங்குவதில்லை.

எந்த நேரத்தில் எங்கே போவது என்பதை நானாதான் தீர்மானித்தார். “எட்டு மணிக்கு முதல் சந்தைப் பக்கம் ஏலாது, மீன் லொறி வரும். ஒன்பதுக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வேணாம். கடற்படை முகாம்ல கொடி ஏத்தக்குள்ள ஊதுவாங்க, அது முடியட்டும்.”

“எப்பிடி நானா உதெல்லாம் தெரியும்?”

“எந்த றோட்டு எந்த நேரம் நல்லம் எண்டு தெரியாதவன் இவ்வளவு காலம் இந்த ஊருல ஓட்டோ ஓடியிருப்பானா?” என்று சிரித்தார்.

ஒருநாள் தன் வீட்டைக் காட்டக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது பாலம் இல்லை. வாகனங்களையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் மிதவைதான். அதை அங்கே ‘பாதை’ என்பார்கள். அவசரம் இல்லாமல், குலுக்கல் இல்லாமல், தண்ணீர் மெல்ல நகர அது போகும். ஆரணி காதடைப்பானைக் கழற்றி மடியில் வைத்தாள். அக்கரை வந்தது. இறங்க மறுத்தாள். திரும்பி வந்தோம். இறங்கவில்லை. மறுபடி போனோம்.

நாலாவது முறை பாதைக்காரர் கேட்டார், “இவங்க எங்கதான் போறாங்க?”

“புள்ளைக்குப் போற இடம் ஒண்டுமில்ல. போறதுதான் வேணும்” என்றார் நானா.

ஏழுமுறை போய்வந்தோம். நானாவின் வீட்டில் எங்களுக்கென்று வைத்த சோறு ஆறிப்போயிற்று. ஆரணி வாயில் தமிழ் அபூர்வம். அன்று வீடு திரும்பும்போது, “பாதை” என்றாள். பிறகு, “நாளைக்குப் பாதை.” நான் ஓட்டோவுக்குள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

6

கலியாணத்துக்கு மூன்று நாளைக்கு முன் அழைப்பிதழை வைத்துக் கும்பிடக் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயில் கோட்டைக்குள் இருக்கிறது, கோட்டையில் ராணுவ முகாம். வாசலில் சோதித்துத்தான் விடுவார்கள். நானா ஓட்டோவை நிறுத்திவிட்டு எங்களோடு வாசல்வரை வந்தார்.

பெண்களுக்குத் துணி மறைத்த ஒரு சின்ன அறை. உள்ளே இளம் சிப்பாய்ப் பெண் ஒருத்தி; இருபது வயதுகூட இராது. முதலில் என்னைத் தடவிச் சோதித்தாள். பிறகு ஆரணியின் காதடைப்பானைக் காட்டிக் கழற்றச் சொன்னாள். கழற்றினோம். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு ட்ரக் வண்டி பெரிய சத்தத்தோடு கிளம்பியது. ஆரணி நடுங்கினாள். பிள்ளை பயந்துவிட்டாள் என்று அந்தப் பெண் அன்பாகத்தான் தோளில் கை வைத்தாள்.

ஆரணி அலறிக்கொண்டு துணியை விலக்கி ஓடினாள். வாசல் பக்கம் இல்லை, முகாமின் உட்பக்கம்.

சோதனைச் சாவடியில் ஓடக்கூடாது. எங்கள் ஊரில் நடக்கப் பழகும்போதே எல்லாரும் பழகுகிற விஷயம் அது. என் மகள் பேர்கனில் நடக்கப் பழகியவள். காவல் கூண்டில் நின்றவன் விசில் ஊதினான். விசில் கேட்க அவள் இன்னும் வேகமாக ஓடினாள். இரண்டு பேர் துவக்கைக் கையில் எடுப்பதைக் கண்டேன். நான் கத்தினேன். எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது.

“விசில் வேணாம்! விசிலை நிப்பாட்டுங்க!” நசீர் நானா சிங்களத்தில் கத்திக்கொண்டு இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்தியபடி முன்னுக்கு வந்தார். “புள்ளைக்குச் சத்தம்தான் பயம்! சத்தத்தை நிப்பாட்டினா புள்ள நிக்கும்!”

சிப்பாய்ப் பெண்ணும் வெளியே வந்து அதையே சொன்னாள். விசில் நின்றது. யாரோ ட்ரக் வண்டியின் எஞ்சினையும் அணைத்தார்கள். அமைதி வந்ததும் ஆரணி நின்றுவிட்டாள். நூறு யார் தூரத்தில் ஒரு பெரிய மரத்தின் கீழ், காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த மான்கள் இரண்டு அவளைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

அந்தப் பெண் சிவப்புக் காதடைப்பானை எடுத்துக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். பத்தடி தள்ளி அவள் புல்லில் உட்கார்ந்து, அதை நிலத்தில் வைத்து, ஆரணி பக்கமாகத் தள்ளிவிட்டாள். “நங்கி, பயம் வேணாம்” என்றாள். நங்கி என்றால் தங்கச்சி.

கன நேரத்துக்குப் பிறகு ஆரணி அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு கடமை பாக்கி. சோதிக்காமல் விட முடியாது. அவள் தன் சட்டைப் பையைத் தட்டி, வெளியே இழுத்துக் காட்டி, ஆரணியைப் பார்த்துச் சைகை செய்தாள். ஆரணிக்கு ஒழுங்குகள் பிடிக்கும். தன் சட்டைப் பையிலிருந்து மிதவைத் துறையில் பொறுக்கிய ஏழு சிப்பிகளை எடுத்துப் புல்லில் வரிசையாக வைத்தாள். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு டொஃபித் தாள். அவ்வளவுதான்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு எழும்பப் போனாள். ஆரணி நோர்வேஜிய மொழியில் ஏதோ சொல்லி, அவளைச் சுட்டிக்காட்டினாள்.

“என்ன சொல்லுது?” என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்.

“‘இப்ப நீ’ எண்டு சொல்லுறாள்.”

அவள் சாவடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேலதிகாரி எவரும் இல்லை. மறுபடி உட்கார்ந்து, தன் பைகளிலிருந்து ஒரு சின்னச் சீப்பு, தலையிடிக்குப் பூசும் மருந்து டப்பி, நாலாய் மடித்த ஒரு கடிதம், இரண்டு இனிப்புகள், எல்லாவற்றையும் சிப்பிகளுக்கு எதிரே வரிசையாக வைத்தாள். ஆரணி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடிதத்தை விரிக்கவில்லை. சரி என்று தலையாட்டி, கையால் ‘போகலாம்’ என்று காட்டினாள்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எங்களைச் சோதித்தவளை நாங்கள் சோதித்துவிட்டோம். கோணேசரிடம் அன்று என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. அழைப்பிதழை வைத்தேனா என்பதே நினைவில்லை.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஆரணி வந்துவிட்டுப் போனாள். இப்போது அவள் பெரியவள். உதவியாளர் ஒருவரின் மேற்பார்வையில் தனி வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பதினொன்று பத்து பஸ்ஸில் வந்து, ஒன்று நாற்பது பஸ்ஸில் போவாள். நடுவில் சோறு சாப்பிடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் என்று என் சிநேகிதிகள் ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மெல்ல மெல்ல விலகிப் போனார்கள். என்னுடையவள் நேர அட்டவணைப்படி விலகுகிறாள், அட்டவணைப்படி திரும்பியும் வருகிறாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் பொய். ஒன்று நாற்பதுக்குப் பிறகு வீடு சரியான அமைதி.

8

கலியாண வீட்டில் எனக்கிருந்த ஒரே கவலை கெட்டிமேளம். தாலி கட்டும்போது தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்துக் கிளம்பும். காதடைப்பானும் தாங்காது. அந்த நேரம் ஆரணியோடு வெளியே ஓட்டோவுக்குள் இருந்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

“பதினாலு வருஷத்துக்குப் பிறகு வந்தனி, தாலி கட்டேக்க வெளியில நிப்பியோ? விசர்க் கதை கதையாதை” என்றாள் அக்கா.

தவில்காரரைக் கூப்பிட்டு, மெதுவாக அடிக்க முடியுமா என்று நான் கேட்டுப் பார்த்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “மெதுவாய் அடிச்சால் அது கெட்டிமேளமோ தங்கச்சி? அப்பிடியெண்டால் வேற ஆளைப் பாருங்கோ.”

அக்கா இடையில் புகுந்தாள். “மெதுவாய் வேண்டாம் அண்ணை. ஓங்கியே அடியுங்கோ. ஆனால் எப்ப அடிக்கிறதெண்டு பிள்ளை சொல்லட்டும். நானான்ர ஓட்டோவில தான் அடிக்கிற மணிக்கு அவள் பயப்பிடுறேல்லையே. தெரியாமல் வாற சத்தத்துக்குத்தானே பயம்?”

மூன்று வைத்தியர்கள் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

தவில்காரர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பழக்கிப் பார்க்க வீட்டுக்கு வந்தார். ஆரணி கை உயர்த்தினால் அடிக்கவேண்டும், இறக்கினால் நிறுத்தவேண்டும். முதல்முறை அவள் ஒரு முழம் துள்ளினாள். இரண்டாம் முறை அரை முழம். மூன்றாம் முறை கண்ணை விரித்துப் பார்த்தாள். நாற்பதாவது முறை தவில்காரர், “தாயே, எனக்கு நாளைக்கும் கை வேணும்” என்று கும்பிட்டார். ஒழுங்கையில் இருந்தவர்கள் கலியாணம் இன்றைக்கோ என்று வெளிக்கிட்டு வந்துவிட்டார்கள்.

கலியாணத்தன்று மண்டபம் நிறைந்த சனம். ஆரணி காதடைப்பானோடு தவில்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அக்காவோடு மணவறைக்கு அருகில் நின்றேன். நல்ல நேரம் வந்தது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஆரணியைப் பார்த்தார்.

ஆரணி கை உயர்த்தவில்லை. மேலே அண்ணாந்து தோரணத்தின் மாவிலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணத் தொடங்கினால் பாதியில் விடமாட்டாள்.

மாப்பிள்ளை தாலியை இரண்டு கையாலும் ஏந்தியபடி அசையாமல் இருந்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்து, “அம்மா, நேரம் போகுது...” என்றார்.

“பொறுங்கோ ஐயா. பிள்ளை எண்ணி முடிக்கட்டும்” என்றாள் அக்கா.

சனம் மூச்சுக்கூட விடவில்லை. அந்த ஊரில் திடீரென்று அமைதி வந்தால் அடுத்து என்ன வரப்போகிறது என்றுதான் எல்லாரும் காதைத் தீட்டுவார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அக்காவின் விரல்கள் என் கையை இறுக்கின.

ஆரணி கடைசி இலையை எண்ணி முடித்துவிட்டுக் கையை உயர்த்தினாள்.

மேளம் இடிபோல விழுந்தது. அக்காவும் நானும் ஒன்றாகத் துள்ளினோம். அத்தான் சுவரைத் தேடினார். வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மண்டபத்தில் பாதிப் பேருக்கு உடம்பு தூக்கிப் போட்டதை நான் கண்ணால் கண்டேன். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கத்தோடு சிரிக்கத் தொடங்கினார்கள். ஆரணி மட்டும் நிமிர்ந்து நின்றாள்.

தாலி கட்டி முடிந்தது. பூவும் அரிசியும் எறிந்து முடிந்தது. ஆரணி கையை இறக்கவில்லை. தவில்காரர் வியர்வை வழிய அடித்துக்கொண்டே, இவளை நிறுத்தச் சொல்லுங்கோ என்பதுபோல் என்னைப் பார்த்தார். ஒன்பது வருடமாக உலகம் முழுவதையும் ‘சத்தம் போடாதேங்கோ’ என்று கெஞ்சித் திரிந்தவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.